ஏரியில் நட்ட சவுக்குக் கழி

எங்கள் தருமபுரிப் பக்கம் மீன் என்றால் ஒகேனக்கல்தான். ஆற்றங்கரையில் பொரித்துத் தருவதை நின்றபடியே தின்றுவிட்டு, பரிசலில் ஒரு சுற்று போய்விட்டு, வீட்டுக்கு வந்து தலை துவட்டினால் அந்த வருடத்துக்குத் தண்ணீரோடு உள்ள உறவு முடிந்தது. அப்படிப்பட்ட ஊரில் புள்ளியியல் வாத்தியாராக இருக்கும் என்னை, மாணவர்கள் மூன்று பேருக்கு வழிகாட்டி என்று சொல்லிப் பழவேற்காட்டு ஏரிக்கு அனுப்பி வைத்தார்கள். எனக்கு நீச்சல் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இளங்கலைப் பிள்ளைகளும் ஆராய்ச்சி செய்யட்டும் என்று எங்கள் கல்லூரியில் புதிதாக ஒரு திட்டம். வெவ்வேறு துறைகளில் இருந்து மூன்று மாணவர்கள் ஒரே இடத்துக்குப் போக வேண்டும். ஆளுக்கொரு கேள்வியோடு திரும்பி வர வேண்டும். அவர்களில் எவருக்கும் பாடம் நடத்தாத ஆசிரியர்தான் வழிகாட்டி. இந்த யோசனை யாருடையது என்று தெரிந்தால் அவர் கையைக் குலுக்குவதா முறுக்குவதா என்று இன்றைக்கும் முடிவு செய்யவில்லை.

என் பங்குக்கு வந்தவர்கள் நிவேதா, ஆசிப், வெற்றி. நிவேதா இரண்டாம் வருட இயற்பியல். கடல் தண்ணீர் ஏரிக்குள் எவ்வளவு தூரம் வந்து போகிறது என்பதை உப்பை அளந்து கண்டுபிடிக்கப் போகிறவள். ஆசிப் பொருளியல். கரையில் விற்கும் இறால் பொன்னேரிச் சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் விலை எப்படி மாறுகிறது என்று பார்க்க வந்தவன். வெற்றி தமிழ் இலக்கியம். காற்றுகளின் பெயர்களைச் சேகரிக்கிறேன் என்று கிளம்பி, முதல் நாளே செருப்பைக் காற்றோடு போகவிட்டவன்.

மூவரில் நிவேதாவுக்குத்தான் இந்தப் பயணம் உயிர். எல்லாக் குழுக்களும் திரும்பிய பிறகு ஒரே ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்து, கோடை முழுக்கப் பெரிய ஆய்வகம் ஒன்றில் வேலை செய்யக் கல்லூரி அனுப்பும். போகவர, தங்க, எல்லாம் இலவசம். அந்த இடத்தின் மேல் அவள் கண் வைத்திருந்தாள். அதை மறைக்கவும் இல்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டாள், “அமாவாசை அன்னைக்கு அளவு மட்டும் சரியா கிடைச்சிட்டா போதுங்க சார். மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்.” அமாவாசையில்தான் கடல் ஏரிக்குள் மிக அதிகமாக ஏறுமாம். அவள் கேள்விக்கே அந்த நாள்தான் பதில்.

பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தோம். நிவேதாவின் கருவியும் பாட்டில்களும் இருந்த பிளாஸ்டிக் வாளியை நடத்துனர் எஞ்சின் மேல் வைக்கச் சொன்னார். அவள் மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பாலைவனம் தாண்டியதும் பேருந்து மூச்சை விட்டது. வயல்களுக்கு நடுவே எல்லோரும் இறங்கி நின்றோம். ஓட்டுநர் வண்டிக்கு அடியில் படுத்து அதன் வம்சத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் பாதி வீடு தெலுங்கு என்பதால் எனக்குப் புரிந்தது. “வாளியோட வந்திருக்காங்க பாரு, ஏரியை அளக்க” என்றார் ஒருவர். “அளந்தா எதையாவது கட்டுவாங்க” என்றார் மற்றவர். நான் மாணவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. பிறகு ஷேர் ஆட்டோ ஒன்றில் எட்டு பேரோடும் ஒரு கோழியோடும் போய்ச் சேர்ந்தோம்.

ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், ஒரு பக்கம் ஏரியும் ஒரு பக்கம் கடலுமாக இருக்கும் குப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேசப்பன் என்பவர் வீட்டு மாடியில் இடம் கிடைத்தது. தேசப்பனுக்கு என் வயதுதான் இருக்கும். என்னைப்போல் இரண்டு பேரைத் தூக்கிப் படகில் போடும் தோள். அவர் மனைவி மங்கம்மா சமையல் செய்துகொண்டே கேள்வி கேட்பார். பதிலை வாங்கிக்கொண்டே இன்னொரு கரண்டி போடுவார்.

முதல் சாப்பாடு மடவை மீன் குழம்பு. நான் தட்டைப் பார்த்தேன், மீன் என்னைப் பார்த்தது. பிறகு நான் பேசவே இல்லை. ராகிக் களியும் கீரைக் கடைசலும் என் தாய்மொழி. ஆனால் அந்தக் குழம்பைக் களியோடு சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை. மங்கம்மாவிடம் களியைப் பற்றிச் சொன்னேன். பாவம் என்பதுபோலப் பார்த்து நண்டு ஒன்றை வைத்தார்.

மறுநாள் காலையில் ஏரிக்குப் போனோம். கழுத்தளவு தண்ணீரில் பெண்களும் ஆண்களும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். கைகள் அடியில் சேற்றைத் தடவுகின்றன. இறால் அகப்பட்டதும் பல்லால் கடித்துப் பிடித்திருக்கும் பறி என்ற பனையோலைக் கூடையில் போடுகிறார்கள். வாய் பறிக்கு என்று ஆகிவிட்டதால் அவர்களிடம் பேட்டி எடுக்கப் போன ஆசிப் ஒரு மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தான். கரையேறிய பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், பெரும்பாலும் அவனைக் கேலி செய்து.

பூநாரை பார்த்தீர்களா, டச்சுக்காரர் கல்லறை பார்த்தீர்களா என்று ஊர் திரும்பியதும் எல்லோரும் கேட்டார்கள். பூநாரை தூரத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. கல்லறைக்குப் போக நேரமில்லை. உயிரோடு இருந்தவர்களைச் சமாளிப்பதற்கே பொழுது சரியாக இருந்தது.

நிவேதா தேசப்பனின் படகில் போய் இடம் இடமாகத் தண்ணீர் மொண்டு அளந்தாள். நானும் போனேன். படகு ஆடினால் கண்ணை மூடிக்கொண்டு சராசரி, திட்டவிலக்கம் என்று சொல்லிக்கொள்வேன். மனிதன் பயந்தால் தெரிந்ததைத்தானே சொல்வான். தண்ணீர் வேகமாக ஓடுகிற இடம் எது என்று அவள் கேட்டபோது, தேசப்பன் பீடியைப் பற்றவைத்தபடியே முகத்துவாரத்துப் பக்கம் கையைக் காட்டினார். எதற்குக் கேட்கிறாள் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அங்கேதான் வந்தது வினை. இரவு பகலாக ஓரிடத்தில் நின்று தானே அளவு எடுக்கும் கருவி அவளிடம் இருந்தது. அதைக் கட்ட ஒரு கழி வேண்டும். அடுத்த நாள் தேசப்பன் எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேறொரு படகைப் பேசி, வெற்றியையும் கூட்டிக்கொண்டு போய், அவர் கை காட்டிய இடத்தில் சவுக்குக் கழி ஒன்றை நட்டுக் கருவியைக் கட்டிவிட்டு வந்தாள். திரும்பிப் போகும்போது அடையாளம் தெரிய வேண்டுமே என்று தன் துப்பட்டாவில் இருந்து சிவப்புத் துண்டு ஒன்றைக் கிழித்து உச்சியில் முடிந்திருந்தாள். இவ்வளவு கவனமான மாணவி கிடைத்தாளே என்று நான் பெருமைப்பட்டேன். படகுக்காரர் சும்மா விட்டாரா என்று கேட்டால், அவர் கடல் பக்கத்து ஆள், ஏரி விவகாரம் அவருக்கு வேண்டாத வேலை.

மறுநாள் காலை, அதாவது அமாவாசைக்கு முந்தின நாள், தெருவில் எங்களைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டீக்கடையில் டீ வந்தது, வழக்கமான விசாரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்தால் தேசப்பன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மங்கம்மாதான் விளக்கினார், அடுப்பை ஊதிக்கொண்டே.

முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் எவரும் நினைத்தபோது வலை கட்ட முடியாது. முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சுற்று வரும்போது ஒரு நாள். முந்தின சாயங்காலம் கங்கையம்மன் கோயில் முன்னால் பெயர் கூப்பிடுவார்கள். பெயருக்கு உரியவர் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் சிவப்புத் துணி கட்டிய கழியை இடத்தில் நடலாம். பதில் வராவிட்டால் பாடு அடுத்தவருக்குப் போய்விடும், பெயரும் அந்தச் சுற்றில் இருந்து விழுந்துவிடும்.

இந்த அமாவாசைப் பாடு தேசப்பனுடையது. பெருந்தண்ணீர் வற்றும்போது இறால் கூட்டமாக இறங்கும் நாள். அது ஒரு குடும்பத்துக்கு வாய்ப்பதே அபூர்வம். கோயிலில் பெயர் கூப்பிடுவதற்கு முன்பே அங்கே சிவப்புத் துணியோடு கழி நிற்கிறது. நட்டதோ அவர் வீட்டு மாடியில் இருப்பவர்கள். தேசப்பன் வெளியாளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு முந்திக்கொண்டார் என்று ஊர் நினைத்துவிட்டது. முந்தியவருக்கு ஒரே தண்டனைதான்: பாடு பறிபோகும்.

“அவுரு வாயத் தொறந்து உங்கள ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு” என்றார் மங்கம்மா. “வூட்டுக்கு வந்தவங்களாச்சே. எனக்கு அந்தப் பேஜாரு இல்ல, நான் சொல்றேன். இன்னா வேலமா பண்ணிட்ட நீ?”

நிவேதாவின் முகம் வெளுத்துவிட்டது. நானும் அதிர்ந்து போயிருந்தேன், ஆனால் வழிகாட்டி என்பதால் ஏதாவது பேச வேண்டியிருந்தது. ஊர்க்காரர்களிடம் நான் பேசுகிறேன், படித்தவர்கள் சொன்னால் கேட்பார்கள் என்றேன். மங்கம்மா அடுப்பை மறுபடி ஊதினார்.

சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் மணலில் உட்கார்ந்தார்கள், பெண்கள் பக்கத்துச் சுவரை ஒட்டி நின்றார்கள். ஊர்த் தலைவர் மெலிந்த மனிதர், கட்டம் போட்ட லுங்கி, பாக்கெட்டில் கண்ணாடி. நான் எழுந்து, தெரியாமல் நடந்துவிட்டது, மாணவர்கள், ஆராய்ச்சி, சமூகத்துக்குப் பயன் என்று ஒரு வகுப்பு அளவுக்குப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கழி நின்றது நின்றதுதானே என்றார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நிவேதா எழுந்தாள். குரல் எல்லோருக்கும் கேட்டது.

“கழி நட்டது நானுங்க. தேசப்பன் அண்ணனுக்குத் தெரியாது. தண்டனை எனக்குத்தானே வரணும்?”

கூட்டம் இதைச் சீரியஸாக எடுத்துக்கொண்டது. அவள் சொல்வது நியாயம் என்றார் ஒருவர். நியாயம்தான், ஆனால் பறிப்பதற்கு அவளுக்குப் பாடு எங்கே இருக்கிறது என்றார் இன்னொருவர். இங்கே தண்டனை என்றால் பாட்டைப் பறிப்பது; வேறு தண்டனை வழக்கத்தில் இல்லை. பாடே இல்லாதவளை எப்படித் தண்டிப்பது? தண்டிக்காவிட்டால் குற்றம் தேசப்பன் தலையில் நிற்கும். அரை மணி நேரம் இதே பேச்சு. எங்கள் கல்லூரிக் கூட்டங்களில் இதில் பாதி தர்க்கம் இருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

கடைசியில் மூலையில் இருந்த ஒரு பெரியவர் வழி சொன்னார். முதலில் இவர்களுக்கு ஒரு பாடு கொடுத்துவிடலாம். கொடுத்த கையோடு பறித்துவிடலாம். இவர்கள் முறை வரும் நாளில் வலையில் விழுவதெல்லாம் அம்மனுக்கு. கூட்டம் தலையாட்டியது. யாரும் சிரிக்கவில்லை. ஆசிப் மட்டும் என் காதில், “சார், நமக்குச் சொத்து வந்து போகப்போகுது” என்றான்.

யார் பெயரில் என்ற கேள்வி வந்தது. பெண்கள் பெயரில் பாடு வைக்கும் வழக்கம் இல்லை. வாத்தியார்தானே இவர்களுக்குப் பெரியவர், அவர் பெயரிலேயே வைப்போம் என்றார் தலைவர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சரி என்று சொல்லவும் வாயெடுத்தேன்.

“சார் கழியைத் தொடவே இல்லீங்க” என்றாள் நிவேதா.

தொட்டவள் பெண்ணாயிற்றே என்று யாரோ முனகினார்கள். சுவர்ப் பக்கம் இருந்து மங்கம்மா குரல் வந்தது.

“தப்பு பண்றதுக்கு மட்டும் பொம்பள பேரு ஆவும், கூப்புடறதுக்கு ஆவாதா? நட்டது அந்தப் பொண்ணு. அது பேரையே கூப்புடுங்க.”

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது. தலைவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பெண்ணே, உன் பெயர் என்ன, ஊர் எது என்று விசாரித்தார். பிறகு எழுந்து நின்று, கோயிலைப் பார்த்துக் கூப்பிட்டார். “தருமபுரி நிவேதா.”

என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. “இருக்கேன்” என்றாள்.

அடுத்த வாக்கியத்திலேயே பாடு பறிக்கப்பட்டது. அவள் பெயர் சுற்றின் கடைசியில் சேர்ந்தது, அந்த முறை வரும் நாளின் மீன் அம்மனுக்கு. அமாவாசைத் தண்ணீர் வற்றி முடியும் வரை ஏரியில் எங்கள் கழி எதுவும் நிற்கக் கூடாது. அதற்குப் பிறகு தலைவர் தேசப்பனின் பெயரைக் கூப்பிட்டார். அவர் இருக்கேன் என்று சொன்ன சத்தத்தில் கோயில் நாய் எழுந்து ஓடியது.

இருட்டுவதற்குள் போய்க் கழியைப் பிடுங்கி வந்தோம். நிவேதா கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அவள் எதற்காக வந்தாளோ அந்த நாள் விடியப் போகிறது, கருவி மாடியில் தூங்கப் போகிறது. அவள் வெற்றியிடம் காற்றுகளின் பெயர் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அமாவாசை அன்று கிளம்பும்போது தேசப்பன் மாடிப்படியில் நின்று அவளைக் கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

“பாட்டில குடும்மா. நான் அங்கதான் நிக்கப் போறேன், தண்ணி மொண்டாறேன். யாருக்குத் தெரியப் போவுது?”

கொடுத்துத் தொலையேன் என்று நுரை வாயோடு எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

“வேண்டாங்கண்ணா” என்றாள் அவள். “ஊர் முன்னால இருக்கேன்னு சொல்லிட்டனே.”

அன்று முழுக்கக் கரையிலேயே இருந்தோம். தண்ணீர் ஏறியது, நின்றது, பிறகு கடலுக்கு இழுத்துக்கொண்டு ஓடியது. அளக்காமல் பார்ப்பதே அவளுக்குச் சித்திரவதையாக இருந்திருக்கும். தேசப்பன் படகு வந்தபோது நடுவில் இறால் குவிந்து கிடந்தது. மங்கம்மா ஆசிப்பைத் தள்ளிவிட்டு வியாபாரிகளோடு விலை பேசினார். அவன் எழுத மறந்து வேடிக்கை பார்த்தான். மதியம் இறால் தொக்கு. எண்ணெய் மிதக்க, விரலைச் சுட்டுக்கொண்டு தின்றோம். நிவேதாவும் நன்றாகவே சாப்பிட்டாள். ஊரிலும் எங்களுக்கு டீயோடு விசாரிப்பு திரும்பி வந்துவிட்டது.

சாப்பிட்டுக் கைகழுவும்போது நிவேதா மங்கம்மாவிடம், உங்கள் பெயரைக் கோயிலில் கூப்பிட்டிருக்கிறார்களா என்று கேட்டாள். ரேஷன் கடையில் கூப்பிடுவார்கள் என்றார் மங்கம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மறுநாள் தலைவரே ஆளனுப்பி, இனி கழி நடலாம், எங்கே என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். நட்டாள், இரண்டு நாள் அளந்தாள், கிளம்பினோம். மங்கம்மா ஒரு பை நிறையக் கருவாடு கொடுத்தார். பொன்னேரியில் ரயில் ஏறியதும் எங்களைச் சுற்றி நான்கு இருக்கைகள் தானாகக் காலியாகின.

ஊருக்கு வந்து வரைபடம் போட்டபோது அமாவாசை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. முன்னும் பின்னும் புள்ளிகள் இருக்கின்றன, நடுவில் வளைவாக ஒரு கோடு இழுக்கலாம், எங்கள் துறையில் அதற்கு முறைப்படி வழி உண்டு என்றேன். அவள் வெள்ளையாகவே விட்டாள். அறிக்கையின் முதல் பக்கத்தில் வழிகாட்டி பெயர்தான் முதலில் வருவது வழக்கம். அந்தக் கோயில் மணலில் உட்கார்ந்து வந்த பிறகு எனக்கு அது பிடிக்கவில்லை. என் பெயரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

மாணவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் வெளியூரில் இருந்து வந்திருந்த பேராசிரியர் வரைபடத்தையே பார்த்தார். தாலி கட்டும் படம் மட்டும் இல்லாத கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கிறதே, அன்றைக்கு என்ன ஆயிற்று, கருவி பழுதா என்றார். இல்லை சார், அன்றைக்கு அது வேறொருவருடைய பாடு என்றாள் நிவேதா. விளக்கியும் சொன்னாள். அவர் புன்னகையோடு கேட்டுக்கொண்டார். கோடை ஆய்வகத்துக்கு வேதியியல் மாணவன் ஒருவனை அனுப்பினார்கள். நல்ல பையன்தான். ஆனாலும் இரண்டு நாள் எனக்கு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

கோடை போய், கல்லூரி திறந்து, மழை தொடங்கும் சமயம். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது நிவேதா தாழ்வாரத்தில் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒலிபெருக்கியில் போட்டாள். மங்கம்மா பேசிக்கொண்டிருந்தார், பின்னால் காற்று இரைந்தது. நேற்று அம்மனுக்கு இறால் நன்றாக விழுந்ததாம்; திருவிழாவுக்குப் பந்தல் அதிலேயே ஆகிவிடுமாம்.

“என் பேரைக் கூப்பிட்டாங்களாக்கா?” என்றாள் நிவேதா.

“மொதநா சாயந்தரமே கூப்புட்டாங்கம்மா. தருமபுரி நிவேதான்னு. ஒரு ஆளும் வாயத் தொறக்கல. பதிலு இல்லன்னா ஒன் பேரு வுழுந்துடுமே.”

“அப்புறம்?”

“நான்தான் எழுந்து நின்னு, இருக்கேன்னேன்.”